கல் சேர்க்கும் ஆட்டத்தின் மீது வீண்பழி

கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஆடும் சின்னப் புதிர் ஆட்டங்களைப் பற்றி நம் ஊர் எப்போதோ தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. ஒரே நிறக் கல் மூன்றை வரிசையாகச் சேர்த்தால் மறைந்துபோகும் ஆட்டம், சீட்டடுக்கும் சாலிட்டேர், கட்டத்துக்குக் கட்டம் கண்ணிவெடி தேடும் மைன்ஸ்வீப்பர், ஜோடி ஓடுகளை உருவியெடுக்கும் மாஜாங் எல்லாமே வேலைவெட்டி இல்லாதவர்களின் வேலை என்பது அந்தத் தீர்ப்பு. காஞ்சிபுரம் மூங்கில் மண்டபத்து டீக்கடையில் இதைச் சொல்கிறார்கள். பள்ளி ஆண்டுவிழா மேடையில் சிறப்பு விருந்தினரும் இதையே சொல்கிறார். ஆன்லைன் ரம்மிச் சாவுகள் செய்தியான பிறகு இதில் கோபமும் ஏறிவிட்டது. போனில் எந்த ஆட்டம் ஓடினாலும் “ரம்மியா?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

நான் இந்த ஆட்டங்களை ஆடுகிறவன். பரிசுக்கோ போட்டிக்கோ ஆடுவதில்லை. வேலை முடிந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம் ஆடுவதோடு சரி. ஆடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் தீர்ப்பு தவறானது. அதைவிடக் கவலைக்குரியது, அதனால் கெடுதலும் விளைகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். இவற்றை ஆடத் திறமை வேண்டியதில்லை, விரலை ஓட்டினால் போதும் என்கிறார்கள். நேரத்தை விழுங்கிவிடும், படிக்கிற பிள்ளை கெட்டுப்போகும் என்கிறார்கள். இன்றைக்குக் கல் சேர்ப்பவன் நாளைக்குக் காசு வைப்பான் என்கிறார்கள். தாயமும் பல்லாங்குழியும் இருக்க இது எதற்கு என்று கேட்கிறார்கள். ஆடியே தீரவேண்டும் என்றால் இலவசமாகக் கிடைப்பதை ஆடிவிட்டுப் போ, இதற்கெல்லாம் காசு கொடுப்பாயா என்றும் கேட்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் பயம் பொய்யல்ல. ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் குடும்பங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. பரீட்சை நாளிலும் போனைக் கீழே வைக்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் சண்டைக்குப் போகவில்லை.

நான் மறுப்பது, வேறு வேறான பொருள்களை ஒரே மூட்டையாகக் கட்டுவதைத்தான். அப்படிக் கட்டும்போது நல்ல ஆட்டத்துக்குக் கெட்ட பெயர் வருகிறது. கெட்ட ஆட்டம் எந்தக் கேள்வியும் இல்லாமல் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

1. திறமை வேண்டாமா?

திறமை வேண்டாம் என்பவர்கள் ஒரு ஆட்டத்தையும் முழுதாக ஆடிப் பார்த்தவர்கள் அல்லர். விண்டோஸோடு வந்த ஃப்ரீசெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 52 சீட்டும் முகம் தெரிய விரிந்துகிடக்கும். மறைந்திருக்கும் சீட்டு ஒன்றுகூட இல்லை. ஆகவே சீட்டு விழுந்த பிறகு அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. மைக்ரோசாஃப்ட் அதில் வைத்திருந்தது 32,000 ஆட்டங்கள். 1994, 95இல் பல நாட்டு ஆர்வலர்கள் கூடி அந்த 32,000ஐயும் பங்குபோட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தீர்த்தார்கள். எவராலும் முடிக்க முடியாமல் நின்றது ஒன்றே ஒன்று: 11982ஆம் எண் ஆட்டம். அதை ஜெயிக்க வழியே இல்லை என்று பின்னால் கம்ப்யூட்டரும் உறுதிசெய்தது. மற்றவற்றில் தோற்றால் அது தோற்றவரின் யோசனைக் குறைதான். விரலை ஓட்டினால் போதும் என்ற வாதம் இங்கே எப்படி நிற்கும்?

மைன்ஸ்வீப்பரைப் பற்றி 2000இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் ரிச்சர்ட் கே ஒரு கட்டுரை எழுதினார். எவ்வளவு பெரிய பலகைக்கும் பொருந்தும் பொதுவடிவில் பார்த்தால், அந்த ஆட்டத்துக்குள் இருக்கும் கணக்கு, கணினி அறிவியல் மிகக் கடினமானவை என்று பிரித்து வைத்திருக்கும் வகையைச் சேர்ந்தது என்று நிறுவினார். 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் டோபி வால்ஷ் கேண்டி க்ரஷைப் பற்றி அதே வகை முடிவைச் சொன்னார். அதே ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர் மூவர் கல் சேர்க்கும் ஆட்டங்கள் பலவற்றுக்கும் அது பொருந்தும் என்று காட்டினார்கள். ஆடுகிறவரெல்லாம் மேதை என்று இதற்கு அர்த்தமல்ல. யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை என்று சொல்வது பொய் என்று அர்த்தம்.

ஆய்வுக்கட்டுரை வேண்டாம் என்றால் நம் ஊர்ப் பிள்ளையார்பாளையத்துக்கு வாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே சேலைக்கு டிசைன் போடுகிறார். பார்டருக்கு வரும் அன்னமும் முந்தானைக்கு வரும் யாளியும் முன்பு கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பப்பட்டன. இப்போது கம்ப்யூட்டர் திரையில் நிரப்பப்படுகின்றன. ஒவ்வொரு கட்டமும் பாவு இழை தூக்கப்படுமா, கிடக்குமா என்பதற்கான உத்தரவு. அதை வைத்துத்தான் ஜக்கார்டு அட்டையில் துளை விழும். அட்டை அடித்துக்கொண்டிருக்கும் இடைவேளையில் அவர் பழைய கம்ப்யூட்டரில் பிஜுவெல்டு என்ற கல் சேர்க்கும் ஆட்டத்தை ஆடுவார். எட்டுக்கு எட்டுக் கட்டம், ஏழு வகைக் கல். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார். கீழ்வரிசையில் மூன்று சேர ஒரு வாய்ப்பு பளிச்சென்று தெரியும், எனக்கே தெரியும். அவர் அதைத் தொடமாட்டார். மேலே இரண்டாவது வரிசையில் சின்னதாக ஒன்றை எடுப்பார். “கீழ எடுத்தா அதுக்கு மேல இருக்கிற கணக்கெல்லாம் கலைஞ்சிடும் சார். நாலு ஒண்ணா சேர ஒரு எடத்த வச்சிருக்கேன், அத முதல்ல முடிச்சிக்கிறேன்” என்பார். கீழே எடுத்தால் மேலிருந்து புதுக்கல் கொட்டும், தானாகவே இரண்டு மூன்று சேர்ந்து வெடிக்கும், எண்ணிக்கையும் ஏறும். அந்த ஆசையை அடக்கிக்கொண்டு, தெரிந்ததைத் தெரிந்தபடி வைத்திருக்கிறார். இதற்குப் பெயர் திறமை இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்?

2. நேரத்தைத் தின்பது எந்த ஆட்டம்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பாதிச் சண்டை தீர்ந்திருக்கும்.

கல் சேர்க்கும் ஆட்டத்தின் முன்னோடி 1994இல் ரஷ்யாவில் எழுதப்பட்ட ஷரிக்கி. உலகம் முழுக்கக் கொண்டுபோனது பிஜுவெல்டு. அமெரிக்காவின் சியாட்டிலில் 2000இல் தொடங்கிய பாப்கேப் என்ற சின்ன நிறுவனத்தின் ஆட்டம் அது. கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளும் வடிவம் அடுத்த ஆண்டு வந்தது. அந்தக் காலத்து ஆட்டங்களின் ஒழுங்கு எளிமையானது. டவுன்லோடு செய்து கொஞ்ச நேரம், பெரும்பாலும் ஒரு மணி நேரம், சும்மா ஆடிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் 20 டாலர் போல ஒரே தடவை கொடுத்து வாங்கலாம். அதற்குப் பிறகு ஆட்டத்துக்கும் விற்றவருக்கும் தொடர்பு முடிந்தது. நெட் வேண்டாம். கடிகாரத்தை ஓடவிட்டு ஆடலாம். கடிகாரமே இல்லாமலும் ஆடலாம். கல் சேர இடமில்லாமல் போனால் ஆட்டம் முடியும். பாதியில் மூடினால் மூடிய இடத்தில் அப்படியே காத்திருக்கும். “வா” என்று கூப்பிடாது.

அடுத்தது கேண்டி க்ரஷ். 2012இல் முதலில் ஃபேஸ்புக்கிலும் அந்த ஆண்டின் இறுதியில் செல்போனிலும் வந்தது. சேர்ப்பது அதே மூன்றுதான். ஆனால் ஐந்து உயிர். ஒவ்வொரு தோல்விக்கும் ஓர் உயிர் போகும். போன உயிர் திரும்பி வர அரைமணி நேரம். காத்திருக்க முடியாதவர் காசு கொடுக்கலாம், அல்லது நண்பர்களிடம் கேட்டு வாங்கலாம். உயிர் நிரம்பியதும் போன் மணியடித்துச் சொல்லும். தினமும் வந்தால் பரிசு. நிலைகள் தீர்வதே இல்லை; தீரத் தீரப் புதிது சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இரண்டில் எது நேரத்தைத் தின்னும்? முதலாவதிலும் நேரம் போகும், மறுக்கவில்லை. ஆனால் எழுந்து போகும் உரிமை ஆடுபவரிடம் இருக்கிறது. இரண்டாவதில் எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பி வருவது என்பதை விற்பவர் தீர்மானிக்கிறார். பையன் ராத்திரி ஒரு மணிக்குப் போனோடு உட்கார்ந்திருந்தால், மூன்று கல் சேர்ப்பது அவனை உட்கார வைக்கவில்லை. அந்த மணியடிப்பும் காத்திருப்பும்தான் உட்கார வைத்திருக்கின்றன.

‘வேலைவெட்டி இல்லாதவன்’ என்ற வசவையும் இங்கேயே எடுத்துக்கொள்கிறேன். காஞ்சிபுரத்தில் அதைச் சொல்ல நா கூச வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழிக்குள் ஈரம் ஏறுகிறது, பட்டுப்பாவு ஈரக்காற்றில் இழுபட மறுக்கிறது, தறி நிற்கிறது. நெய்த சேலைக்குத்தான் கூலி. தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை. அப்படி நின்ற நாளில் ஒரு நெசவாளி ஒரு மணி நேரம் கல் சேர்த்தால் அவரா வேலைவெட்டி இல்லாதவர்? வேலையை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டது மழை.

பெண்கள் விஷயத்தில் இந்த வசவு இன்னும் கொடுமையாக இருக்கிறது. ஆண்கள் நாலுபேர் திண்ணையில் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடினால் ‘ரெஸ்ட் எடுக்கிறாங்க’. விடிகாலையில் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மதியம்வரை தார் சுற்றிக்கொடுத்த பெண் கால்மணி நேரம் போனில் ஓடு சேர்த்தால் ‘எந்நேரமும் போனை நோண்டிக்கிட்டு இருக்கா’. ஆட்டத்தின் மீதான குற்றச்சாட்டு போல வந்தாலும், அவளுக்கென்று ஒரு கால்மணி நேரம் இருக்கக்கூடாது என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். இதை நான் எந்த விதத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

3. சூதாட்டத்தின் முதல் படியா?

கோடையில் நம் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. சூதாட்டமும் துகிலுரிதலும் நடக்கும் ராத்திரியில் விடியவிடிய உட்கார்ந்து பார்த்த எவரும் காயின் மீது பழி போட்டதில்லை. பழி, நாட்டையும் தம்பிகளையும் மனைவியையும் பணயம் வைத்தவன் மீதும், காய் தனக்குச் சாதகமாகவே விழும்படி செய்தவன் மீதும் விழுகிறது. சூது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. பணயம் வேண்டும், ஜெயித்தால் வேறொருவர் பொருள் கைக்கு வரும் என்ற ஆசை வேண்டும். காசு கொடுத்து ஒருமுறை வாங்கிய பிஜுவெல்டில் பணயம் எங்கே இருக்கிறது? ஜெயித்தால் யார் பொருள் கைக்கு வரும்?

சட்டம் இயற்றியவர்களும் இந்த வேறுபாட்டைப் பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடைசெய்தது. 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதலுக்குப் பிறகு நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலிட்டதை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், தடைசெய்தது. பணப்பரிசு எதிர்பார்ப்பு இல்லாத ஆட்டங்களைத் தனியாகப் பிரித்தது. ரம்மியும் சாலிட்டேரும் ஒன்று என்று சட்டமே சொல்லவில்லை; டீக்கடை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

சட்டத்தின் வலையில் சிக்காத ஓர் இடம் இருக்கிறது; கோபப்பட வேண்டியது அதன் மீது. உயிர் விற்கும் ஆட்டத்தில் ஆடுபவருக்குப் பணம் திரும்ப வரும் வாய்ப்பே இல்லை. ஆகவே அது சட்டப்படி பண ஆட்டம் அல்ல. ஆனால் காசு போய்க்கொண்டே இருக்கும். ஒரு நிலை எவ்வளவு கடினம் என்பதைக் கூட்டுவதும் குறைப்பதும் விற்பவர் கையில். கேண்டி க்ரஷின் 65ஆம் நிலையில் உலகமே சிக்கி நின்றது; பிறகு அதை எளிதாக்கினார்கள். எளிதாக்க முடிந்தவர்களால் கடினமாக்கவும் முடியும். காய் யார் கையில் இருக்கிறது என்ற கூத்து மேடைக் கேள்வியை இந்த ஆட்டத்திடம்தான் கேட்க வேண்டும்.

4. இலவசம் என்பதை நம்பலாமா?

எல்லா வாதங்களிலும் ஆபத்தானது இதுதான். மற்றவை தப்பெண்ணம், இது நம்மைக் கைப்பிடித்துக் குழிக்குள் இறக்குகிறது.

20 டாலர் அன்றைய கணக்கில் ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஆட்டத்துக்கு ஆயிரமா என்று நாம் மலைத்தோம். அதில் தப்பில்லை, கிரெடிட் கார்டு இருந்தவர்களே நம் ஊரில் எத்தனை பேர்? சென்னை பர்மா பஜாரிலிருந்து வந்த காப்பி சிடி வேலையை முடித்தது. ஆனால் ஆயிரம் ரூபாயில் முடிந்துபோகும் வியாபாரம் எங்கே, முடிவே இல்லாத வியாபாரம் எங்கே? கேண்டி க்ரஷை வெளியிட்ட கிங் நிறுவனம் 2014 மார்ச்சில் நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்தபோது கணக்கைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. 2013இல் அதன் வருமானம் சுமார் 188 கோடி டாலர். மாதந்தோறும் ஆடியவர்களில் காசு கொடுத்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர் அளவில்தான். 2016இல் ஆக்டிவிஷன் பிளிஸார்டு அந்த நிறுவனத்தை 590 கோடி டாலருக்கு வாங்கியது.

இந்தக் கணக்கை நிதானமாகப் பாருங்கள். நூறு பேருக்கு இலவசம் என்று கதவைத் திறந்து வைத்து, நாலு பேரிடம் மொத்தச் செலவையும் லாபத்தையும் எடுக்க வேண்டும். அப்படியானால் அந்த ஆட்டம் யாருக்காக வடிவமைக்கப்படும்? பொழுதுபோக்காக அரைமணி நேரம் ஆடிவிட்டு எழுந்துபோகிறவருக்காகவா, நிறுத்த முடியாமல் தவிக்கும் அந்த நாலு பேருக்காகவா? மற்ற இலவச ஆட்டங்கள் காசு கேட்காவிட்டால் விளம்பரத்தைக் காட்டும். எட்டு வயதுக் குழந்தையின் ஆட்டத்துக்கு நடுவே கடன் ஆப் விளம்பரம் வருவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு நூறு ரூபாயில் ஒரு நல்ல புதிர் ஆட்டம் வாங்கித்தர மறுத்து, இலவசத்தை இறக்கிக்கொடுக்கும் அப்பா சிக்கனம் பிடிப்பதாக நினைக்கிறார். பிள்ளையின் கவனத்தை அவர் விற்றிருக்கிறார். விலையும் அவருக்குத் தெரியாது.

5. பாட்டி ஆடிய ஆட்டம் போதாதா?

போதும் என்று சொல்லவும் நான் தயார். பல்லாங்குழியும் ஆடுபுலியும் எனக்கும் பிடிக்கும். பழைய கோயில் மண்டபங்களின் கல்தளத்தில் ஆடுபுலிக் கட்டம் கீறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கீறியவரையும் அன்றைக்கு யாராவது ‘வேலையைப் பாருப்பா’ என்று விரட்டியிருக்கலாம். தாயத்திலும் காசு வைத்து ஆடிக் கெட்டவர்கள் உண்டு. வைகுண்ட ஏகாதசி ராத்திரியில் கண்விழிக்கப் பரமபதம் ஆடியவர்களும் உண்டு. பழசு என்பதால் ஓர் ஆட்டம் சுத்தமாகிவிடாது. திரையில் இருப்பதால் அசுத்தமாகியும் விடாது. தவிர, இவற்றுக்கெல்லாம் எதிரில் ஒரு ஆள் வேண்டும். ராத்திரிப் பத்து மணிக்குத் தனியாக இருப்பவர் யாரைக் கூப்பிடுவார்?

6. என் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஒரு மறுப்பு

புதிர் ஆடினால் மூளை வளரும், ஞாபகசக்தி கூடும், வயதானால் மறதி வராது என்று சிலர் இந்த ஆட்டங்களுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள். எனக்கு அந்த உதவி வேண்டாம். மூளைப்பயிற்சி ஆட்டங்கள் விற்ற லுமோசிட்டியின் விளம்பரங்கள் ஆதாரமில்லாமல் மக்களை ஏமாற்றின என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2016இல் அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. கல் சேர்த்துப் பழகியவர் கல் சேர்ப்பதில் கெட்டிக்காரர் ஆவார். அதற்கு மேல் நான் வாக்குறுதி தரமாட்டேன். ஓர் ஆட்டம் நல்லது என்று சொல்ல அது மருந்தாக இருக்க வேண்டிய அவசியம் என்ன? மனதுக்குப் பிடித்த ஒன்றில் கொஞ்ச நேரம் கவனமாக இருந்தோம், அது நம்மை ஏமாற்றவில்லை, முடிந்ததும் விட்டுவிட்டது. ஒரு விளையாட்டிடம் இதற்கு மேல் கேட்பது நியாயமல்ல.

எல்லாம் வெட்டி என்ற தீர்ப்பால் யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம் என்று பார்ப்போம். எல்லா ஆட்டமும் வெட்டி என்று நம்பும் வீட்டில் எந்த ஆட்டம் என்று யாரும் பார்ப்பதில்லை. கெட்டதில் எது இறங்கினால் என்ன என்ற அலட்சியம் வருகிறது. திட்டுவார்கள், பிடுங்குவார்கள், கெஞ்சினால் திருப்பிக் கொடுப்பார்கள். போனுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கமாட்டார்கள். ஒருமுறை காசு வாங்கிக்கொண்டு ஒதுங்கிப்போகும் ஆட்டத்தைச் செய்பவருக்கு அந்த வீட்டில் இடமில்லை. உயிர் விற்பவருக்கு இருக்கிறது.

ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளையோ, மனைவியோ, வயதான அப்பாவோ ஒரு புதிர் ஆட்டத்தை ஆடினால், போனைப் பிடுங்குவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். நெட்டை நிறுத்தினாலும் அது ஓடுகிறதா? நடுவில் காசோ விளம்பரமோ குறுக்கிடுகிறதா? மூடி வைத்த பிறகு கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறதா? நெட் இல்லாமல் ஓடி, குறுக்கே எதுவும் வராமல், மூடினால் சும்மா கிடக்கும் ஆட்டம் என்றால் அவர்களை ஆடவிடுங்கள். இல்லையென்றால் அதை அழித்துவிட்டு, காசு கொடுத்தாவது ஒரு நல்ல ஆட்டத்தை வாங்கிக்கொடுங்கள்.